பேருக்கு எடுத்த படம்

எங்கள் ஓட்ஸி ஊர்ப் பக்கம் பெற்றவர்கள் மனதில் என்ன கிடக்கிறதோ அதையே பிள்ளைக்குப் பெயராக வைத்துவிடுவார்கள். கும்பிராய் என்றால் 'கேளுங்கள்'. அந்த ஆளோ யாரையும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவன் தம்பி கரிக்காய், அதாவது 'சௌக்கியமாக இருங்கள்'. கும்பிராயின் மனைவி முச்சானெத்தா. 'அலுத்துப்போவீர்கள்' என்று அர்த்தம். மூன்று பேரில் பெயருக்குப் பொருத்தமாக வாழ்ந்தவள் அவள் ஒருத்திதான்.

நான் பஸ் நிற்கிற இடத்தில் சைக்கிள் ரிப்பேர் பார்க்கிறவன். பஞ்சர் ஒட்டி முடிப்பதற்குள் மனிதர்கள் என்னென்னவோ சொல்லிவிடுவார்கள். சொல்லாததை நான் கேட்டு வாங்கிவிடுவேன். கரிக்காயோடு சேர்ந்து சோள பீர் குடித்தவனும் நான்தான். ஆகவே இதில் பாதி நான் பார்த்தது, மீதி குடத்தைச் சுற்றி உட்கார்ந்து கேட்டது.

கும்பிராய் வெள்ளை அங்கிச் சபைக்காரன். மொட்டைத் தலை, நெஞ்சுவரை தாடி. சனிக்கிழமையானால் செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தடி ஜெபத்துக்குப் போய்விடுவான். அந்தக் கூட்டத்தில் மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது, வைத்தியன் கை மேலே படவே கூடாது. ஜெபித்த தண்ணீர்தான் மருந்து. அம்மை வந்த வருஷம் கும்பிராய் இரண்டு பிள்ளைகளைப் புதைத்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் மிஷன் ஆஸ்பத்திரியின் தகரக் கூரை வெயிலில் பளபளவென்று தெரிந்துகொண்டிருந்தது. குழி தோண்டியபோது அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. முச்சானெத்தா திரும்பிப் பார்த்தாள்.

அவர்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. நோயாளி எழுந்து வர முடியாவிட்டால் வீட்டு ஆள் ஒருவன் வந்து, நோயாளியின் பெயரைச் சொல்லி நடுவில் உட்காருவான். சபைப் பெரியவர் அவன் தலையில் கை வைத்து ஜெபிப்பார். குணமாகிறது படுக்கையில் கிடக்கிறவனுக்கு. இதற்குப் 'பெயர் சுமப்பது' என்று சொல்வார்கள். நான் இதைச் சொல்லி நிறையச் சிரித்திருக்கிறேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

மழை ஏமாற்றிய வருஷம் அது. சோளம் முழங்கால் உயரத்திலேயே கருகிவிட்டது. எல்லைக்கு அப்பால் ஜோனி நகரத்துத் தங்கச் சுரங்கத்துக்கு ஆள் எடுக்கிறவர்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். போகிறவனுக்குச் சாப்பாடு அங்கே, வீட்டுக்கு மாவு மூட்டை இங்கே. ஆனால் முதலில் உடம்பைக் காட்ட வேண்டும். மிஷன் ஆஸ்பத்திரியில் துணியை அவிழ்த்து வரிசையில் நிற்க வேண்டும். டாக்டர் தட்டிப் பார்ப்பார். பிறகு ஒரு பலகையில் நெஞ்சை ஒட்டி வைத்துப் படம் எடுப்பார்கள்.

கும்பிராய் பெரியவரிடம் போய் நின்றான். ஜோனிக்குப் போகலாம், மண்ணுக்கு அடியில் இறங்கலாம், அதிலெல்லாம் பாவமில்லை, ஆனால் உடம்பை டாக்டர் கையில் கொடுக்கக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். கும்பிராய் திரும்பி வந்து பேசாமல் கூடை பின்ன உட்கார்ந்தான். வாங்க ஆளில்லாத கூடைகள் வாசலில் குவிந்தன. பிள்ளைகள் காட்டுப் பழத்தைத் தின்று வயிறு கடுத்துக் கிடந்தார்கள்.

உடம்பைக் காட்ட மட்டும் அண்ணன் பேரில் தம்பி போகட்டும் என்கிற யோசனை முச்சானெத்தாவுடையது. அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு. தாடியும் மொட்டையும் இருந்தால் பெற்றவளே குழம்பிப்போவாள். கரிக்காய்க்குக் கல்யாணம் ஆகவில்லை, சாப்பாடு அண்ணன் வீட்டில்தான். எங்கள் வழக்கப்படி அண்ணியும் கொழுந்தனும் எவ்வளவு வேண்டுமானாலும் வம்பு பேசிக்கொள்ளலாம்.

"ஊர்ல பாதிப் பேரு உன்னைத் துணியில்லாம பாத்தாச்சு. டாக்டரும் ஒரு தடவ பாத்துட்டுப் போறாரு" என்றாளாம்.

"அண்ணி, டாக்டர் என்னைப் பிடிச்சுப்போய்க் கட்டிக்கிட்டா நீங்கதான் பொறுப்பு" என்றானாம் இவன்.

கும்பிராய் ஒப்புக்கொண்டதுதான் ஆச்சரியம். தம்பி பொய் சொல்லப் போவதாக அவனுக்குத் தோன்றவே இல்லை. என் பெயரைச் சுமந்துகொண்டு போகிறான், அவ்வளவுதானே என்று நினைத்துவிட்டான். தன் பதிவுச்சீட்டையும் அங்கியையும் எடுத்துக் கொடுத்தான். தாடி வளரும்வரை பொறுத்திருந்து, என் கடை வாசலில்தான் கரிக்காய் தலையை மழித்துக்கொண்டான். அங்கியோடு போனவனை வழியில் ஒரு கிழவி நிறுத்தித் தன் ஆட்டுக்கு ஜெபிக்கச் சொன்னாளாம். இவனும் ஜெபித்தான். ஆடு குட்டி போட்டுவிட்டது என்று அப்புறம் எல்லாரிடமும் பெருமையடித்தான். சொல்லும்போதே இருமினான். அவனுக்கு அந்த இருமல் கொஞ்ச நாளாகவே உண்டு. புகையிலை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்த பிறகு அவனைத் தனியாகக் கூப்பிட்டார்கள். டாக்டர் வெள்ளைக்காரர். அவர் சொன்னதைப் படம் எடுக்கிற ஆள் நம் பாஷையில் சொன்னான்: "கும்பிராய், உன் நெஞ்சுல ரெண்டு பக்கமும் நோய் இருக்கு. சுரங்கத்துக்கு லாயக்கில்ல. இங்கயே தங்கு, மருந்து தர்றோம். வீட்டுக்குப் போனா அடுத்த மழையைப் பாக்க மாட்ட."

கரிக்காய் வீட்டுக்கு வந்துவிட்டான். வந்து அண்ணன் முன்னால் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். கும்பிராய் மெதுவாகத் தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டான். அப்புறம் எழுந்துபோய்ப் பாயை விரித்துப் படுத்துவிட்டான்.

இதை நான் முதலில் நம்பவில்லை. பீர் குடத்தருகில் கரிக்காயைப் பிடித்து உலுக்கினேன். அது உன் நெஞ்சுதானேடா என்றேன்.

"கும்பிராய் நெஞ்சுன்னுதான அவங்க சொன்னாங்க? அவங்க பாஷையில அவங்க பாக்குறாங்க, எங்க அண்ணன் பாஷையில அவரு பாக்குறாரு. ரெண்டுலயும் என் பேரு வரல. நான் எதுக்குக் குறுக்க போறேன்?" என்று சிரித்தான்.

அவன் சாமி கும்பிடுகிறவன் இல்லை. ஆனால் மரண ஓலை அடுத்த வீட்டுப் பெயருக்கு வந்திருக்கிறது என்றால் யார்தான் போய் அது எனக்கு என்று கையை நீட்டுவார்கள்.

கும்பிராய் உபவாசம் இருந்தான். வலுவான ஆள் வற்றிப்போனான், ஆனால் ஒரு இருமல் இருமவில்லை. சனிக்கிழமை எழுந்து நடக்க முடியாமல் கிடந்தபோது அவன் பெயரைச் சுமக்க யார் போனது என்கிறீர்கள்? கரிக்காய்தான். குடிக்காமல் குளித்துவிட்டுப் போய் நடுவில் உட்கார்ந்தான். பெரியவர் அவன் தலையில் கையை வைத்துக் கும்பிராயின் நெஞ்சிலிருந்து வெளியே போ என்று நோயை அதட்டினார். கையின் கீழே இவன் அடக்க முடியாமல் இருமிக்கொண்டிருந்தான். நோய் வெளியே வருகிறது என்று கூட்டம் பாட்டை இன்னும் உரக்க எடுத்தது.

கரிக்காய் வாயைத் துடைத்த துணியைத் துவைத்தவள் முச்சானெத்தா. தண்ணீர் சிவந்தது. அவள் அந்தத் துணியைப் பிழியாமல் அப்படியே கொண்டுவந்து புருஷன் பாயருகில் போட்டாள்.

"மேரி அப்பா, இது உங்க வாயில இருந்து வந்ததா?"

கும்பிராய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

"அந்த நெஞ்சு உங்களோடது இல்ல. தம்பியோடது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஆஸ்பத்திரிக்குப் போவான்."

மருந்தை நம்பி டாக்டரிடம் போவது தேவனை விட்டுவிடுவது மாதிரி, ஜெபம் பாதியில் இருக்கிறது, குறுக்கே பேசாதே என்றானாம். கரிக்காயை அவள் நேராகவே கெஞ்சினாள். போனால் ஆள் மாறாட்டம் தெரிந்துவிடும், அண்ணன் குணமான பிறகு ஜோனிக்கு எடுக்கமாட்டார்கள் என்றான் அவன். அது சாக்கா, பாசமா, பயமா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றும் இருந்திருக்கும்.

குளிர்காலத்தில் ஒரு மதியம், கூடைக்குப் புல் அறுக்கப் போன இடத்தில் கரிக்காய் வாயிலிருந்து ரத்தம் கொட்டி விழுந்தான். முச்சானெத்தா யாரையும் கேட்கவில்லை. ஒரு கழுதை வண்டியைப் பிடித்தாள், நான் பின்னாலிருந்து தள்ளினேன். ஓடையைத் தாண்டும்போது, "அண்ணி, தாடியை எடுத்திருக்கணும், அரிக்குது" என்றான். அவள் அவன் தாடையைச் சொறிந்து விட்டாள்.

ஆஸ்பத்திரியில் அதே படம் எடுக்கிற ஆள் எதிரே வந்தான். அடையாளம் தெரிந்துகொண்டான்.

"நீ அந்தக் கும்பிராய் இல்ல? அப்பவே தங்குன்னு சொன்னேனேப்பா."

முச்சானெத்தா வாயைத் திறந்தாள். கரிக்காய் அவள் கையைப் பிடித்து அழுத்தினான்.

"ஆமா சார், கும்பிராய்தான்" என்றான்.

மருந்து கொடுத்தார்கள். அது கேட்கிற கட்டத்தை அவன் தாண்டிவிட்டிருந்தான். அந்த வாரத்திலேயே செத்துப்போனான். ஆஸ்பத்திரிக் கணக்கில் செத்தது கும்பிராய்.

கும்பிராய் உபவாசத்தை முடித்துக் கஞ்சி குடித்தான், தேறினான். தம்பி அண்ணனுடைய நோயைப் பெயரோடு சேர்த்துச் சுமந்து கொண்டுபோய்விட்டான் என்று பெரியவர் மரத்தடியில் சொன்னார். ஜனங்கள் பாடினார்கள். அந்தப் பாட்டில் கும்பிராயின் குரல் கேட்கவில்லை என்று, பக்கத்தில் நின்றவன் பஞ்சர் ஒட்ட வந்தபோது சொன்னான். ஜோனி லாரி மறுபடி வந்தது. செத்தவனை அவர்கள் எடுப்பதில்லை.

செத்தவனோடு ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள் எல்லாரும் வந்து நெஞ்சைக் காட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். முச்சானெத்தா பிள்ளைகளைக் குளிப்பாட்டிக் கிளப்பினாள். கும்பிராய் தடுக்கவில்லை. அங்கியை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான். என் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும், நானும் கூடப் போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் அவன் நின்றான். அவன் ஒருவரை ஒன்று கேட்டதை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

"நானும் உள்ள வரவா?"

முச்சானெத்தா கடைக்குட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"நீங்க எதுக்கு? உங்க படம்தான் ஏற்கெனவே உள்ள இருக்கே."

அவள் போய்விட்டாள். கும்பிராய் சுவர் ஓரமாக வெறுங்காலோடு உட்கார்ந்தான். உள்ளேயிருந்து பிள்ளைகளை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லும் சத்தம் கேட்டது. வெளியே இவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.