வெங்காய சூப்பு சீமாட்டிக்கு வயது நூற்றுப் பதினான்கு

எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. அப்பா காரணமில்லாமல் மிட்டாய் வாங்கி வந்தால், ஊசி போடத்தான் கூட்டிப் போகிறார் என்று கட்டிலுக்கடியில் புகுந்துவிடுவேன். பாதி நாள் என் சந்தேகம் சரியாகவே இருந்ததால் அதை யாராலும் திருத்த முடியவில்லை.

எண்பதுகளின் நடுவில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது, பிரான்சிலிருந்து அத்தான் வந்தார். அப்பாவுடைய அக்காவின் மகன். அவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள். மாங்கனித் திருவிழாவுக்குக் காரைக்கால் வந்தவர்கள், அத்தானை மட்டும் ஒரு வாரம் கோட்டுச்சேரியில் எங்கள் வீட்டில் விட்டிருந்தார்கள். ஏன் விட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். அக்கா பிறந்த அன்றே அவள் அவருக்குத்தான் என்று பேசியாகிவிட்டது. ஆனால் வெறும் பேச்சுதான், தட்டு மாற்றவில்லை. அந்தக் குடியுரிமை உள்ள பையன் என்றால் பூவத்திலிருந்து கடற்கரை வரை பெண் கொடுக்க ஆள் நிற்கும் காலம் அது. அதனால் சம்பந்தம் கைநழுவிவிடக் கூடாதென்று அம்மா தினமும் சாமிக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். அக்காவுக்குப் பதினெட்டு. யாரிடமோ கேட்டு வாங்கிய பிரெஞ்சு முதல் பாடப் புத்தகத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தாள். அதுவும் நான் கண்டுபிடித்ததுதான்.

அத்தானிடம் எனக்கு முதல் நாளே சந்தேகம் தட்டியது. சாப்பிட்டதும் மாடி அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து ஏதோ தாள்களை விரிப்பார். எழுதுவார், அழிப்பார், தனக்குத் தானே சிரிப்பார். யாராவது படியேறும் சத்தம் கேட்டால் எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவார். மூன்றாம் நாள் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல், பெட்டியைத் திறந்தேன். கட்டுக் கட்டாகத் தாள்கள். ஒவ்வொன்றிலும் மேலே ஒரு பெயர், கீழே வரிசையாக எண்கள். சிலவற்றில் பெண் முகம் வேறு வரைந்திருந்தது. இரண்டை உருவிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை. அப்போதே அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். முந்தானைக்குள் தாள்களை மறைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். அங்கே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த பென்ஷன்காரர் ஒருவர் இருந்தார். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார்.

"பேரு, வெங்காய சூப்பு சீமாட்டி."

"இப்படி ஒரு பேராண்ணே?"

"அங்க வைப்பாங்கம்மா. எங்க பட்டாளத்துல ஒருத்தன் பேரு முட்டைக்கோசு. வயசு, நூத்திப் பதினாலு."

"பதினாலா இருக்கும். நல்லாப் பாருங்க."

"அழகு பதினேழு. புத்தி ஆறு. தங்கம் முந்நூறு."

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "முந்நூறு பவுனா! அடி ஆத்தி!"

இரண்டாவது தாளில் தும்மல் ராணி. சாதி என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் குள்ளர் என்று போட்டிருப்பதாகப் பென்ஷன்காரர் சொன்னார். அது எந்தச் சாதி என்று அவருக்கும் தெரியவில்லை. பலம் பதினெட்டு, கையில் கோடாரி.

"கோடாரி எதுக்குண்ணே?"

"விறகு பிளக்கத்தான். நல்ல வேலைக்காரப் பொண்ணு போலருக்கு."

ஆக, சந்தேகத்துக்கே இடமில்லை. பெண்களைப் பட்டியல் போட்டு, அழகுக்கும் அறிவுக்கும் மதிப்பெண் கொடுத்து, நகையையும் எழுதி வைத்திருக்கிறார் அத்தான். அன்று மதியம் அவருக்கு ஊற்றிய மீன் குழம்பில் மீன் இல்லை. காலை வரை 'மாப்ள' என்று கூப்பிட்ட அம்மா, "தம்பி, மோர் ஊத்தவா?" என்றாள். அக்கா கதவுக்குப் பின்னால் நின்றாள். அவளிடம் நான் முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தேன். முகம் சுண்டிப் போயிருந்தது.

மோர் முடிந்ததும் அம்மா தாள்களை எடுத்து அவர் முன் வைத்தாள். "இந்தப் பொண்ணுங்கள்லாம் யாருன்னு சொல்லிடுங்க தம்பி. நாங்க ஒண்ணும் தப்பா நெனச்சுக்க மாட்டோம்."

அத்தானுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். மாடிக்கு ஓடிப்போய் ஒரு பெட்டியைக் கொண்டு வந்து கவிழ்த்தார். எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான தாயக்கட்டைகள் உருண்டன. "ஐயோ அத்தை, இது வெளையாட்டு! நாலஞ்சு பேரு மேசையச் சுத்தி உக்காந்துக்குவோம். ஆளுக்கொரு வேஷம். நான் கதை சொல்லுவேன், கட்டை விழுற மாதிரி நடக்கும். சூப்பு சீமாட்டி எங்கூடப் படிக்கிற தடியன் ஒருத்தன்!"

"அதுக்கு ஏன் இப்படிக் கேவலமா பேரு வைக்கணும்?"

"பழகினவங்களுக்குத்தான் அத்தை இந்த மாதிரி வைப்பேன். புதுசா வர்றவங்களுக்கு வைக்க மாட்டேன். கோச்சுக்குவாங்கல்ல?"

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுப்படிக்குள் ஒளித்து வைத்திருந்த மீன் துண்டுகள் வெளியே வந்தன. எனக்குத்தான் ஏமாற்றம். இவ்வளவு நல்ல சந்தேகம் வீணாகிவிட்டதே!

சாயங்காலம் எங்களையும் ஆட்டத்துக்குக் கூப்பிட்டார். ஆளுக்கொரு தாள் கொடுத்துப் பெயரை மட்டும் தமிழில் எழுதினார். நான் உருவிய தாளின் ஓரத்தில் பதிந்திருந்த மஞ்சள் விரல் தடத்தைக் காட்டி, என்னை 'ஊறுகாய் உளவாளி' ஆக்கினார். அம்மாவுக்கு யோசிக்கவே இல்லை, 'மீனில்லாக் குழம்பு மகாராணி'. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அக்காவின் முறை வந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். என்ன கேலி வரப்போகிறதோ என்று அப்போதே சிரிப்பை அடக்குகிற மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அத்தான் பேனா மூடியை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு அழகான கையெழுத்தில் எழுதினார்: இளவரசி நிலவரசி.

"எனக்கும் கேலியா ஒண்ணு வைங்க அத்தான்."

"உங்களுக்கு எப்படிங்க அப்படி வைக்கிறது?" என்றார் அத்தான், மிகவும் பணிவாக.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியாடி, மாப்ளைக்கு அக்கா மேல எவ்ளோ மரியாதைன்னு!" என்று என் காதில் கிசுகிசுத்தாள். எனக்கும் அது சரியாகவே பட்டது. எங்கள் எல்லாரையும் விட நல்ல பெயர் அக்காவுக்குத்தானே கிடைத்திருக்கிறது!

ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருந்தது. அத்தான் கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார், அம்மா விளக்குப் போடப் போனாள். அக்கா நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"என் தாள நீ வச்சுக்கடி. இளவரசி. உன்னோடத எனக்குக் குடு."

"ஊறுகாய் உளவாளியா? அது உனக்கு எதுக்கு?"

"குடேன். இந்த ஒரு தடவ."

இளவரசிப் பட்டத்தைக் கொடுத்துவிட்டு யாராவது ஊறுகாயைக் கேட்பார்களா? என் தாளில் ஏதோ பெரிய பலம் எழுதியிருக்க வேண்டும், பிரெஞ்சுப் புத்தகம் படித்து அதை அவள் மட்டும் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஆசை தோசை!" என்று சொல்லி, தாளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.