கொட்டகையில் இருந்த கம்பி

கம்பி உடைந்துவிட்டது என்று நான் சொன்னது பொய். அது என் வீட்டுக் கொட்டகையில், சாவு வீடுகளுக்குக் கொடுக்கும் நாற்காலிகளுக்குப் பின்னால், நல்லபடியாகச் சாய்ந்து நின்றிருந்தது. அந்தப் பொய்யால் ஒரு பெண்ணின் கால் ஊனமாயிற்று. அவளுடைய அப்பாவின் அஸ்தி கடலுக்குப் போகாமல் சேற்றில் கொட்டியது.

கம்பி என்பது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் கோலசிலாங்கூரில் எங்கள் ஆட்கள் அஸ்தி கரைக்கப் படகில் ஏறி ஆற்று முகத்துவாரத்துக்குப் போவார்கள். நீர் ஏறியிருந்தால் படகு துறைப்பலகைக்குச் சமமாக நிற்கும். இறங்கியிருந்தால் வெகு கீழே போய்விடும். பாசி பிடித்த மரப்படிகளில் இறங்கித்தான் கால் வைக்க வேண்டும். அஸ்திக் கலயத்தைத் தூக்குகிறவர் அதை இரண்டு கையாலும் பிடித்திருக்க வேண்டும், தரையில் வைக்கக் கூடாது, படியில் கால் வைத்தபின் தண்ணீரில் விடும்வரை வேறொருவர் கைக்கு மாற்றக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆகவே பிடித்துக்கொள்ளக் கையே இல்லாமல் அவர் இறங்குவார். கொள்ளி வைக்கிற மகன்களில் பாதிப் பேருக்கு வயது அறுபதைத் தொட்டிருக்கும்; சர்க்கரை நோயால் பாதம் மரத்திருக்கும்.

எங்கள் வட்டார மரண உதவிச் சங்கத்துக்கு நான் செயலாளராக இருந்தபோது, செரண்டாவில் ஒரு பட்டறையில் சொல்லி அந்தக் கம்பியைச் செய்வித்தேன். இரும்புக் குழாய்தான். அடிப்பகுதி துறைப்பலகையைக் கவ்விக்கொள்ளும். மேலே, இடுப்பு உயரத்தில், ரப்பர் சுற்றிய சட்டம் படகை நோக்கிச் சரிந்து இறங்கும். கையால் பிடிக்க வேண்டியதில்லை. இடுப்பைச் சாய்த்தபடி இறங்கிவிடலாம். வேலை முடிந்ததும் கழற்றி வேனில் போட்டுக்கொள்ளலாம். நான் உருப்படியாக யோசித்துச் செய்த காரியங்கள் அதிகமில்லை. இது ஒன்று.

அந்தப் பெண்ணின் அப்பா சுங்கை ஆயர் தாவார் பக்கத்து எஸ்டேட்டில் செம்பனைக்குலை வெட்டியவர். அங்கே நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். வழியில் என்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, "ஐயா" என்று சொல்லிவிட்டுத் தள்ளிக்கொண்டே போவார். ஏறிப் போங்கள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. எஸ்டேட் கைமாறிய பிறகு அவரும் நான் குடியேறிய ஊருக்கே, மலிவு விலை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஒரே மகள். ராசா என்ற ஊரில் குடியிருந்து, செரண்டாவில் ஒரு தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய் வந்தவள்.

தகனம் முடிந்த மாலை, பந்தலில் உட்கார்ந்து அவளிடம் சொன்னேன்: "நாளைக்கு உன் சித்தப்பா மகன் கலயம் தூக்கட்டும். பொம்பளைங்க படகு ஏற வேணாம்."

"ஏன் அங்கிள்?"

"முறை இல்லம்மா."

"எங்கப்பா ஆஸ்பத்திரில கெடந்தப்ப பேம்பர்ஸ் மாத்துனது நானு. அப்பல்லாம் உங்க முறை லீவு போட்டிருந்துச்சா?"

பந்தலில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சாவு வீட்டில் சிரிப்பு கிளம்பினால் எளிதில் அடங்காது. அந்தச் சித்தப்பா மகனே காப்பியைச் சட்டையில் சிந்திக்கொண்டு, "அக்கா, நீ வேற லா" என்றான்.

நான் படித்தவன். பெண் அஸ்தி கரைத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். முறை என்று நான் பேசியது கூட்டத்துக்காக. உள்ளே எரிந்தது அந்தச் சிரிப்பு. சைக்கிளை விட்டு இறங்கியவரின் மகள் என்னை அங்கிள் என்று கூப்பிட்டு, ஊர் சிரிக்க வைத்துவிட்டாள். கம்பி இல்லாவிட்டால் அவள் பலகையோடு நின்றுவிடுவாள், அந்தச் சித்தப்பா மகன் தம்பியிடம் கலயத்தைக் கொடுப்பாள், என் வார்த்தை நிற்கும் என்று கணக்குப் போட்டேன். அதைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டுத் துறைக்குப் போனேன்.

நீர் நன்றாக இறங்கியிருந்த காலை அது. துறைக் கால்களின் அடியில் சேறு தெரிந்தது. அவள் வெள்ளைச் சேலையில், வெறுங்காலோடு, கலயத்தை மார்போடு அணைத்து நின்றாள்.

"கம்பி எங்க அங்கிள்?"

"உடைஞ்சிருச்சும்மா. ரிப்பேருக்குப் போயிருக்கு."

தம்பி கையை நீட்டினான். "அக்கா, எங்கிட்ட குடு. அங்கிளு சொல்றாருல்ல?"

"தள்ளுடா. எங்கப்பாவ நான் தூக்குவேன்."

மலாய்க்காரப் படகோட்டி கீழிருந்து, "பெலான் பெலான்", மெதுவாக மெதுவாக, என்று கை கொடுத்தார். பிடிக்க அவளுக்குக் கை இல்லை. ஒரு கால் படகில், ஒரு கால் படியில் இருந்தபோது படகு விலகியது. அவள் நடுவே விழுந்தாள். திரும்பி வந்த படகு அவள் முழங்காலைத் துறைக் காலோடு சேர்த்து நசுக்கியது. கலயம் படியில் மோதி உடைந்து, சாம்பலும் எலும்பும் சேற்றில் சிதறின. கால் திரும்பிக் கிடந்ததை அவள் பார்க்கவில்லை. "அப்பா, அப்பா" என்று சேற்றை இரண்டு கையாலும் வழித்துக்கொண்டிருந்தாள்.

ஆம்புலன்ஸ் போன பிறகு கூட்டம் என்னைப் பார்த்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். "இதுக்குத்தான் பெரியவங்க பொம்பளைங்க ஏற வேணாம்னு சொன்னாங்க" என்றேன்.

பலரும் தலையாட்டினார்கள். அதன் பிறகு எங்கள் வட்டாரத்தில் பெண்கள் அஸ்திப் படகில் ஏறுவது நின்றுபோனது. மகளையும் மனைவியையும் துறையிலேயே நிறுத்தியவர்கள் அந்த விபத்தைத்தான் காரணம் சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். கம்பியையும் நானேதான் கொண்டு வந்திருப்பேன்.

பல வருடம் கழித்து என் மனைவி இறந்தாள். பிள்ளைகள் இல்லை, கலயத்தை நான்தான் தூக்கினேன். அன்றும் நீர் இறங்கியிருந்தது. படியில் கால் வைத்தேன். இடுப்பைக் கம்பியில் சாய்த்தேன். அது என் முழுப் பாரத்தையும் வாங்கிக்கொண்டது. படகில் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. மனைவிக்காக அழுகிறேன் என்று படகோட்டி நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

காரியம் முடிந்ததும் ராசாவுக்குப் போனேன். அவள் கதவைத் திறந்தாள். வலது கால் மடங்கவில்லை. நாற்காலியில் நீட்டி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். நிற்கிற வேலை முடியாமல் போய், தொழிற்சாலை ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்களாம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பைப் பற்றியும் சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "மறுவாரமே தம்பி நாற்காலி திருப்பி வைக்க உங்க கொட்டாய்க்கு வந்தான். பாத்துட்டான்."

"அப்ப ஏம்மா கேக்கல?"

"கேட்டா? பெரிய கிராணிய எதுத்து யாரு சாட்சி சொல்லுவா? அவனே சொல்ல மாட்டேன்னுட்டான்."

மன்னிப்புக் கேட்டேன். அதை அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது? எனக்குத் தெரிஞ்சதுதான. அன்னிக்கு அத்தினி பேருகிட்ட என்னமோ சொன்னீங்கல்ல, அவங்ககிட்ட போயி சொல்லுங்க."

சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றார்கள், மறுபடி சொன்னேன். அருகில் இருந்தவர் வேட்டியை இழுத்து, "ஐயா, உக்காருங்க, இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்றார். ஒரு அம்மாள் எழுந்து, "என் பொண்ணத் தடுத்தது அப்ப பொய்யா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். செயலாளர் பொறுப்பிலிருந்து நான் ஓய்வெடுப்பது நல்லது என்று முடிவாயிற்று. கம்பியைத் தூக்கும் வேலையை மட்டும் எனக்கு விட்டார்கள்.

ஆடி அமாவாசைக்கு முன்பு அவள் போன் செய்தாள். "அப்பாவுக்குச் செய்யணும். கம்பியக் கொண்டாந்துருங்க. படகுக்கு நான் சொல்லிட்டேன்."

அன்று காலை நீர் மிகவும் இறங்கியிருந்தது. மதியத்துக்குள் ஏறிவிடும், காத்திருக்கலாமே என்றார் படகோட்டி. அவள் மறுத்துவிட்டாள். தம்பி தட்டைப் பிடித்து முன்னால் இறங்கினான்: பூ, எள், பிண்டம். அவள் நல்ல காலை முதலில் இறக்கி, இடுப்பைச் சட்டத்தில் சாய்த்து, ஊனக் காலை மெல்ல இழுத்தாள். பாதியில் மூச்சு வாங்க நின்றாள். நான் கையை நீட்டினேன்.

"வேணாம். கம்பிய ஆடாம புடிங்க, போதும்."

பலகையில் மண்டியிட்டு, கம்பியின் அடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். அவள் படகில் உட்கார்ந்ததும் படகோட்டி எஞ்சின் கயிற்றைப் பிடித்தார். அவள் கையசைத்துத் தடுத்தாள். இங்கேயே போதும், முகத்துவாரத்துக்கு வேண்டாம் என்று மலாயில் சொன்னாள். பிறகு தம்பியிடம், "அப்பா இங்கதான எறங்குனாரு" என்றாள்.

படகு கட்டிய இடத்திலேயே நின்றது. எனக்கு நேர் கீழே, துறைக் காலின் அடிச் சேற்றில், அவள் எள்ளும் தண்ணீரும் விட்டாள். பூவைத் தூவினாள். சேறு அதை உடனே வாங்கவில்லை, மேலேயே கிடந்தது. அவள் மீண்டும் ஏறி வர வேண்டும் என்பதால் நான் கம்பியை விட்டு எழ முடியாது. கண்ணை வேறு பக்கம் திருப்பவும் மனம் வரவில்லை. முழுவதையும் பார்த்தேன்.

ஏறி வரும்போது அவள் சேலையின் ஓரம் என் கைமேல் உரசியது. பலகையில் நின்று மூச்சைச் சமாளித்துக்கொண்டு, "வண்டிய எடுடா, டூட்டிக்கு நேரமாச்சு" என்று தம்பியிடம் சொன்னாள். ஊனக் காலை நீட்டிக் காரில் உட்கார்ந்தாள். கார் போன பிறகு, படகோட்டியும் நானுமாகக் கம்பியைக் கழற்றி வேனில் ஏற்றினோம்.