சீட் பெல்ட் மாமனார்

டெக்சாஸில் ரிச்சர்ட்சன் ஊர்த் தமிழர்களிடம் நஞ்சுண்டன் என்று கேட்டால் தெரியாது. சீட் பெல்ட் மாமனார் என்றால்தான் தெரியும். வேட்டி, குரங்குக் குல்லா, மருமகன் வாங்கித் தந்த மாதிரி ஒரு வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ. மேடையில் ஒரே ஒரு நாற்காலி. அங்கவஸ்திரத்தையே சீட் பெல்ட்டாக்கி, அமெரிக்கா வந்திறங்கிய மாமனார் பத்து நிமிஷம் காருக்குள் மல்லுக்கட்டுவார். வாயே திறக்க மாட்டார். தமிழ்ச் சங்கத்து நாடகங்களில் தமிழ் புரியாமல் வராந்தாவில் ஓடித் திரிகிற பிள்ளைகள் இதற்கு மட்டும் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்கள். கம்பெனியில் பக்கத்து மேஜைக்காரரிடம் குட் மார்னிங் சொல்லவே கூசுகிற மனிதருக்கு, நாள் முழுவதும் அடக்கி வைத்த பேச்செல்லாம் அந்தப் பத்து நிமிஷம்தான்.

1997 தீபாவளிக்கு அதை வீடியோ எடுத்தவர் பக்கத்து ஊரான பிளானோவில் கேசட் கடை வைத்திருந்த வாஞ்சிநாதன். காப்பிகள் மளிகைக் கடையில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் விற்றன. நஞ்சுண்டனுக்குப் பெருமைதான், ஹூஸ்டனிலிருந்து ஒருவர் போன் போடும் வரைக்கும். "நேத்து எங்க பையன் பர்த்டேக்கு வாஞ்சி சார் பண்ணினார். அச்சு அசல் நீங்கதான்!"

அதே குல்லா, அதே ஷூ. பெல்ட் கழுத்தில் சுற்றிக்கொண்டதும் பின்சீட்டில் இல்லாத மனைவியை முறைக்கிற முறைப்புகூட அதேதான். அடுத்த மாதம் ஆஸ்டினில் ஒரு மாமனார் முளைத்தார், சான் அன்டோனியோவில் இன்னொருவர். வாஞ்சிநாதனோ ஒரு படி மேலே போய், அந்தப் பெயரையே தன் வியாபாரப் பெயராகப் பதிந்துகொண்டார்.

நஞ்சுண்டன் அட்டர்னி ராமசுப்ரமணியனிடம் போனார்.

"நீங்கதான் முதல்ல பண்ணினீங்கன்னு ப்ரூவ் பண்ண என்ன சார் இருக்கு?"

நஞ்சுண்டன் கொண்டுபோன கவரைப் பிரித்தார். தொண்ணூற்றாறில் பிறந்தநாள் வீடுகளில் தந்த செக்குகளின் நகல். ஒவ்வொன்றின் மூலையிலும் 'சீட் பெல்ட் ஷோ', தேதியோடு. அட்டர்னி இரண்டாம் தாளைப் பார்க்கவில்லை.

"நீங்க எச்-ஒன் விசா. கம்பெனியைத் தவிர வேற எங்கயும் காசு வாங்கக் கூடாது. இத வெளிய காட்டினா உங்க கிரீன் கார்டு காலி."

"அப்ப நாங் கண்டுபிடிச்சது என்னுதில்லீங்களா?"

"உங்களோடதுதான். வெளிய சொல்லிக்க முடியாது, அவ்வளவுதான்."

மனம் கேட்கவில்லை. மனைவி யாமினி தடுத்தும் பிளானோ கடைக்குப் போனார்.

"வாங்க சார், குருவே வந்திருக்கீங்க!"

"அந்தப் பேர மட்டுமாச்சும் விட்டுருங்க."

வாஞ்சிநாதன் ஒரு கேசட்டை ரீவைண்ட் போட்டார். "அது கெடக்கட்டும். உங்க கிரீன் கார்டு ஃபைல் எந்த ஸ்டேஜ்ல இருக்கு சார்?"

கோயில் வரிசையிலும் பந்தியிலும் இந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்வி. நஞ்சுண்டன் முதல் தடவையாக யோசித்துப் பதில் சொன்னார்.

"லேபர் ஸ்டேஜ் முடிஞ்சிருச்சுங்க."

"பத்திரம் சார். நம்மாளுங்கள்லயே எவனாவது, பர்த்டே செக்கப் பத்தி இமிக்ரேஷனுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போட்டுருவான். நான் போட மாட்டேன். ஊரு கெட்டுக் கெடக்கு."

தயாராக டைப் செய்திருந்த தாளை நகர்த்தினார். பெயரிலும் நடிப்பிலும் எனக்கு உரிமை இல்லை என்றிருந்தது. நஞ்சுண்டன் கையெழுத்துப் போட்டார். "மேடத்துக்குக் குடுங்க, திருப்ப வேணாம்" என்று ஒரு புதுப்படக் கேசட் கிடைத்தது.

மூன்று வருஷத்துக்கு மேல் குல்லா போடவில்லை. 2001 மார்ச்சில் கார்டு வந்தது. யாமினி கேசரி கிளறிக்கொண்டிருக்கும்போதே சங்கத்தின் புதுத் தலைவர் சேனாபதிக்குப் போன் போட்டார். சேனாபதி நியூஜெர்சியிலிருந்து மாறி வந்து ஆறு மாதம்தான்.

"சார், நான் சீட் பெல்ட் மாமனார் பண்ணுவனுங்க."

"வாஞ்சி பண்றதா? உங்களுக்கும் வருமா?"

"வருமுங்க."

"நல்லதாப் போச்சு. சித்திரை விழா அன்னிக்கு அவருக்கு அட்லாண்டால புரோகிராம். நீங்க வாங்க. ஆனா டிட்டோ அவர் மாதிரியே இருக்கணும், பசங்க கண்டுபிடிச்சிடுவாங்க. அந்த முறைப்பு முக்கியம், கேசட் வாங்கிப் பாத்துக்கோங்க."

யாமினி கரண்டியோடு வந்து நின்று, வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"தேதி சொல்லுங்க சார்" என்றார் நஞ்சுண்டன். "லீவு போட்டர்றேன்."