பச்சைத் துணிக்கு அடியில் தலையணை

காலை பத்து இருபது. ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மேசை மேல் இருந்த போன் அதிர்ந்தது. மகள். அது அவள் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும் நேரம், அப்போது அவள் கூப்பிட்டதே இல்லை. "அம்மா, நான் கிளம்பிட்டேன். இனிமே என்னால முடியல" என்றாள். எங்கே என்று கேட்பதற்குள் தொடர்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப்.

மேற்படிப்புப் படிக்கும் டாக்டர் பிள்ளைகளைப் பற்றி என்னென்ன செய்திகள் வருகின்றன என்று தெரிந்த எந்தத் தாய்க்கும் அந்த வார்த்தைகள் போதும். தலைமையாசிரியரிடம் என்ன சொல்லிவிட்டு வெளியே வந்தேன் என்று இன்றும் நினைவில்லை.

அவள் சென்னையில், தனியார் கல்லூரி ஒன்றில் சர்ஜரி படிக்கிறாள். கவுன்சிலிங்குக்கு முன் அரியலூரில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லூரியின் வெப்சைட்டாகப் பார்த்தோம். மற்றவர்கள் கட்டடத்தையும் நிறுவனரையும் போட்டிருந்தார்கள். இந்தக் கல்லூரி மட்டும் சர்ஜரி துறைக்கென்று ஒரு பக்கமே வைத்து, "அனைவருக்கும் இங்கே இடமுண்டு" என்று தலைப்புக் கொடுத்திருந்தது. முக்காடு போட்ட ஒரு பெண், ஊன்றுகோலுடன் ஒரு இளைஞர், தியேட்டர் உடையில் சிரிக்கும் நாலைந்து பெண்கள். "இங்க நம்மள மாதிரி ஆளுங்க இருக்காங்கம்மா" என்றாள். முதல் விருப்பமாக அதையே போட்டோம்.

சேர்ந்த சில மாதங்களில் அந்தப் பக்கத்தில் அவளே வந்துவிட்டாள். படம் எடுத்த கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆள் இல்லாத தியேட்டரில் விளக்கைப் போட்டு, மேசையில் தலையணையை வைத்துப் பச்சைத் துணியால் மூடி, அவள் கையில் கத்தியைக் கொடுத்துக் குனியச் சொன்னார்களாம். படம் எடுத்து முடிந்ததும் கத்தியை வாங்கிக்கொண்டார்களாம். நானும் சிரித்தேன். படத்தின் கீழே எழுதியிருந்ததைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "விவசாயக் கூலியின் பேத்தி, இன்று எங்கள் அறுவை சிகிச்சை மாணவி."

அந்தக் கூலி என் அப்பா. திருமானூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். அதில் எனக்கு வெட்கம் கிடையாது. ஆனால் நான் இருபது வருடமாக ஆசிரியை. அவள் அப்பா சிமெண்ட் ஆலையில் சூப்பர்வைசர். எங்களைக் காணோம். அந்தப் பக்கத்துக்கு என் அப்பாவின் கூலி வேலை தேவைப்பட்டது, எங்கள் உத்தியோகம் தேவைப்படவில்லை. கல்லூரி அலுவலகப் பெண் ஒருத்தி அவளிடம் பேச்சுவாக்கில் கேட்டு எழுதிக்கொண்டாளாம். போடலாமா என்று யாரும் கேட்கவில்லை.

படத்தில் கத்தி பிடித்தவளுக்கு ஒன்றரை வருடமாக நிஜத்தில் கத்தி தரவில்லை. கூடச் சேர்ந்த பையன்கள் அப்பெண்டிக்ஸ் செய்கிறார்கள், குடலிறக்கம் செய்கிறார்கள். இவள் அவர்கள் அறுத்த வயிற்றை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இல்லையென்றால் வார்டில் டிஸ்சார்ஜ் எழுதுவாள். கேட்டால், "உனக்கென்னம்மா, நீதான் வெப்சைட்ல இருக்கியே" என்பாராம் யூனிட் சீஃப்.

இதெல்லாம் தெரியாத என் தம்பி, அந்தப் படத்தை எடுத்துத் திருமானூர் பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டான். எங்கள் ஊரில் பிள்ளை பாஸானாலே பேனர் வைப்போம், இதற்கு வைக்காமல் இருப்பானா? மாணவி என்பதை விட்டுவிட்டு "அறுவை சிகிச்சை நிபுணர்" என்று போட்டான். அருகில் கூலிங்கிளாஸோடு அவன் படம். யாரோ அதை வாட்ஸ்அப்பில் போட, அது சுற்றிச் சுற்றிக் கல்லூரிக்கே போய்விட்டது.

அன்று காலை அவள் கிளம்பியதற்குக் காரணம் அதுதான். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. முதலில் பள்ளி வாசலில் நின்று துறைக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. பிறகு அந்தப் பக்கத்திலேயே, "உங்கள் குரலைக் கேட்கிறோம்" என்று போட்டிருந்த நம்பருக்கு அடித்தேன்.

"வணக்கம் மேடம், எந்தக் கோர்ஸ் பாக்குறீங்க?"

"என் பொண்ணு அங்க சர்ஜரி படிக்கிறா. அவளக் காணோம்."

"ஓ, சர்ஜரியா? அட்மிஷன் அடுத்த மாசம்தான் மேடம். பேரு, மார்க் சொல்லுங்க, நாங்களே கூப்பிடுவோம்."

நான் கத்தியதில் சாலையில் போன ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டார். மறுமுனையில் இருந்த பெண் பயந்துபோய், "மேடம், நாங்க விளம்பர ஏஜென்சிங்க, காலேஜ் இல்லைங்க" என்றாள்.

கடைசியில் அவளுடைய ஹாஸ்டல் அறைத்தோழிதான் போனை எடுத்தாள். "ஆன்ட்டி, அவ பையக் காணோம். ஊருக்குத்தான் வருவா, பயப்படாதீங்க." பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். சீஃப் தியேட்டரில் போனைத் தூக்கிப் பேனரைக் காட்டியிருக்கிறார். "எல்லாரும் தள்ளுங்கப்பா, நிபுணர் வர்றாங்க. ஊரே பஸ் ஸ்டாப்ல நிக்குது" என்றிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். மேசையில் நோயாளி விழித்திருந்தார், இடுப்புக்குக் கீழ்தான் மரத்திருந்தது. "நிபுணர் வெளிய நின்னு வேடிக்கை பாக்கட்டும்" என்று அவளை வெளியேற்றியிருக்கிறார்.

அந்த ஆளின் படமும் அதே பக்கத்தில் இருக்கிறது. கைகட்டி நிற்கும் படம். "எங்கள் துறையில் யாரும் வெளியாள் இல்லை."

சென்னைப் பஸ் பெரும்பாலும் பெரம்பலூர் வழியாகத்தான் வரும். என் வீட்டுக்காரருக்கு ஆலையில் ஷிஃப்ட். தம்பி பைக்கில் என்னை அங்கே கூட்டிப்போனான். வழியெல்லாம், "அக்கா, என்னாலதான் ஆச்சு. நான் போயி அந்தாள ரெண்டு கேக்கவா?" என்றான்.

"வாய மூடிட்டு வண்டிய ஓட்டு. ஒன் கூலிங்கிளாஸால ஒண்ணும் ஆகல. அவன் வாயால ஆச்சு."

பஸ் ஸ்டாண்டில் வந்த ஒவ்வொரு பஸ்ஸின் படியையும் பார்த்தேன். எத்தனை பேர் இறங்கினாலும் அவள் இல்லை. படிப்பை விட்டுவிட்டு வருகிறாளா, அப்படியாவது வந்து சேருவாளா என்று நினைத்தேன். முழுசாக வந்தால் போதும், சர்ஜரியே வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். அப்படி என்னை வேண்ட வைத்தார்களே என்பதில் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

வெயில் சாயும்போது ஒரு விழுப்புரம் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கண் வீங்கியிருந்தது. தம்பி ஓடிப்போய்ப் பையை வாங்கினான். "பாப்பா, மாமன் மேல கோவமா?"

"போ மாமா. ஒரு டீ வாங்கிக் குடு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "விட்டுட்டு வந்துட்டியா? பரவால்லடி, வூட்டுக்குப் போலாம்" என்றேன்.

கையை உருவிக்கொள்ளாமல் என்னையே பார்த்தாள். "விட்டுட்டு வரலம்மா. காலையில ஆத்திரத்துல அப்படிச் சொல்லிட்டேன், போன்லயும் சார்ஜ் போயிருச்சு. ரெண்டு நாள் லீவு எழுதிக் குடுத்துட்டுத்தான் வந்தேன். திங்கக்கிழமை நீயும் கூட வா. எனக்கு ஏன் கேஸ் தரலன்னு டீன் முன்னாடி அந்தாளக் கேக்கப்போறேன். நீ ஒண்ணும் பேச வேணாம், அழவும் வேணாம். பக்கத்துல நில்லு."