நாற்பது விநாடியில் ஒரு முகம்

கம்ப்யூட்டரைத் திட்டுவதில் எனக்குப் பதினெட்டு வருட அனுபவம் உண்டு. புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்துக்குப் போய்ப் படம் எடுப்பது என் வீட்டுக்காரர். அவர் கொண்டுவந்து கொட்டுகிற படங்களில் முகம் துடைத்து, நிறம் கூட்டி, ஆல்பமாக அடுக்குவது நான். அவருக்கு மண்டபத்தில் பந்திச் சாப்பாடு, எனக்கு மானிட்டருக்கு முன்னால் ஆறிப்போன காப்பி. அந்த வயிற்றெரிச்சலைக் கம்ப்யூட்டரிடம்தான் தீர்த்துக்கொள்வேன்.

போட்டோ வேலை செய்கிற சாஃப்ட்வேரைப் புதுப் பதிப்புக்கு மாற்றியே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவளும் நான்தான். "ஓடற வண்டியை எதுக்குப் பிரிச்சுப் போடறே?" என்று அவர் கேட்டார். கேட்டால் கேட்கட்டும் என்று மாற்றினேன். மறுநாளே சனி பிடித்தது. எந்த ஆல்பப் பக்கத்தைத் திறந்தாலும் கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு திரை வெளுக்கும். மெமரி போதவில்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி வரும். அதை முழுசாகப் படிப்பதற்குள் எல்லாம் மூடிக்கொள்ளும். கூடுதல் மெமரி வாங்கிப் போட்டோம். அதையும் தின்றுவிட்டு அதே வரியைக் காட்டியது. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருந்தது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இப்படிப் பத்து நாள் போயிருக்கும். ஒரு நாள் காலை பதினொரு மணிக்குக் கடை வாசலில் ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். மூன்று வருடத்துக்கு முன் நாங்கள் படம் எடுத்த கல்யாணத்தின் மாப்பிள்ளை. அன்றைக்குப் பட்டு வேட்டியில் பார்த்தவர், கசங்கின சட்டையும் நாலு நாள் தாடியுமாக நின்றார்.

"அக்கா, எங்கத்தை போயிட்டாங்க. நேத்துப் பொழுது சாயறப்ப பள்ளிபாளையத்துல தறியில நிக்கறப்பவே நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்துட்டாங்களாம். இன்னைக்கு மூணு மணிக்கு எடுக்கறோங்க. மாலை போட்டு வெக்க ஒரு போட்டோ வேணும்."

சொல்லிவிட்டு ஆதார் அட்டையின் ஜெராக்ஸை நீட்டினார். இன்னார் என்று சட்டப்படி மட்டும் சொல்ல முடிகிற முகம் அதில் இருந்தது. கண் எது, நிழல் எது என்று எனக்கே தெரியவில்லை. போனில் ஒன்றுகூட இல்லையா என்று கேட்டேன்.

"போனைத் தூக்கினாலே மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. மாமா போனதுல இருந்தே அப்படித்தாங்க. கல்யாண ஆல்பத்துல தேடினோம், அதுலயும் இல்லீங்க. ஆல்பத்துல வெக்காம உட்ட படம் ஏதாச்சும் உங்ககிட்ட இருக்குமான்னு எங்கூட்டுக்காரி, அவங்க மகதாங்க, கேட்டுட்டு வரச் சொன்னா."

கேமராவில் எடுத்த படங்களை வருடம் ஒருமுறை அழித்துவிடுவோம், ஆல்பப் பக்கங்களை மட்டும்தான் வைத்திருப்போம். அதைச் சொல்லி, இல்லைங்க என்று கையை விரித்திருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த அம்மா எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர் ஆல்பத்திலேயே இருக்கிறார், தாலி கட்டுகிற பக்கத்தில். நான்தான் அவர் மேல் பூவை வைத்து மூடியிருந்தேன்.

தொழிலுக்கு வந்த புதிதில், தாலி கட்டுகிற படத்தில் பின்னால் ஒரு வெறும் நெற்றி தெரிகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் ஓர் ஆல்பத்தையே திருப்பி எறிந்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து யாரும் சொல்லாமலே நானே பார்த்துக்கொள்வேன். கணவன் இல்லாதவர் யாராவது தாலிப் பக்கத்தில் தெரிந்தால், அந்த இடத்தில் ஒரு பூங்கொத்தோ வாழைமரமோ வந்து உட்காரும். ஒரு அரை நிமிட வேலை. அந்த அம்மா மேடைப் படியில், தூணைப் பிடித்துக்கொண்டு, மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாமல் என் வீட்டுக்காரர் தூரத்திலிருந்து எடுத்திருந்தார். நல்ல படம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்புறம் தாமரைப் பூவை வைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

"ஒண்ணு இருக்கலாம், பாக்கறேன், உக்காருங்க" என்றேன். அவர் சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

பக்கத்தைத் திறந்தேன். நின்றது, வெளுத்தது, போய்விட்டது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். மற்ற எல்லாவற்றையும் மூடினேன். சாஃப்ட்வேருக்குக் கூடுதல் மெமரி ஒதுக்கினேன், பிறகு குறைத்துப் பார்த்தேன். தற்காலிகக் கோப்புகளை வேறு டிரைவுக்கு மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை திறந்தேன், ஒவ்வொரு முறையும் அதே வரி. வீட்டுக்காரரின் லேப்டாப்பில் பழைய பதிப்பு இருந்தது. லேப்டாப்போ அவரோடு ஆத்தூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில். அவருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. நாதஸ்வரத்துக்கு நடுவே அவருக்கு எங்கே கேட்கும்? மணி பன்னிரண்டு ஆகிவிட்டது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவரைப் போனில் பிடித்தேன். சந்தில் ஆட்டோ ஹாரனுக்கு மேலே கத்தித்தான் பேசுவார்.

"காலி ஃபைல் ஒண்ணு புதுசாத் திறந்தா மூடிக்காம நிக்குதா மேடம்?"

நின்றது.

"அப்ப உங்க ஃபைல்லதான் கோளாறு. ஒரு ஆல்பம் எப்படி ஆரம்பிப்பீங்க?"

சொன்னேன். எங்கள் முதல் ஆல்பத்துக்குச் சொந்தமான தம்பதி ஓகோவென்று வந்துவிட்டார்கள். அதனால் அந்த ஃபைலைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, படங்களை மாற்றித்தான் இரண்டாவது ஆல்பம் செய்தேன். இரண்டாவதிலிருந்து மூன்றாவது. வெள்ளைப் பக்கத்தில் கல்யாண வேலையைத் தொடங்கக் கூடாது என்று எனக்கு ஒரு எண்ணம். நேற்றைய தயிரை எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி, பதினெட்டு வருடமாக ஒரே ஃபைல்தான் ஆல்பத்துக்கு ஆல்பம் வந்துகொண்டிருக்கிறது.

 சர்வீஸ்காரர் சொன்னார்: "பழைய ஃபைல் ஒவ்வொண்ணோட குறிப்பும் உள்ளுக்குள்ள சேந்துக்கிட்டே வரும் மேடம். கண்ணுக்குத் தெரியாது. பழைய சாஃப்ட்வேர் கண்டுக்காம விட்டிருக்கும். புதுசு எல்லாத்தையும் படிக்கப் போய் மூச்சு முட்டிச் சாவுது. ஃபைலை அனுப்புங்க, சுத்தம் பண்ணி நாளைக்குத் தரேன்."

"மூணு மணிக்குப் பொணம் எடுக்கறாங்க" என்றேன். கத்தித்தான் சொல்லியிருப்பேன் போல. மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார்.

"சரி. அடுக்கெல்லாம் இல்லாம, மேல தெரியற படத்தை மட்டும் திறக்க ஒரு வழி இருக்கு" என்று எந்தெந்தப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு திறப்பது என்று சொன்னார். பிடித்துக்கொண்டு திறந்தேன். திறந்தது. பத்து நாளில் முதல்முறையாக ஒரு ஆல்பப் பக்கம் அசையாமல் நின்றது. தாலி, மாப்பிள்ளை, பெண், அட்சதை, தூண். தூணருகில் என் தாமரை. மேலே தெரிகிற படம் என்றால் அதுதானே.

"வந்துருச்சுங்களா?" என்று அவர் எழுந்தார்.

"இதில்லீங்க" என்று அவசரமாக மூடினேன்.  எதற்கு மூடினேன் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரைத் திட்ட வாய் வரவில்லை.

படத்தின் மேல் படமாக நான் வைத்த அடுக்குகளோடு திறந்தால்தான் பூவை விலக்க முடியும். அப்படித் திறந்தால் செத்துப்போகும். எத்தனை நேரத்தில் சாகிறது என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒருமுறை திறந்தேன். படம் தெரிந்ததிலிருந்து நாற்பது விநாடி. இன்னொருமுறை பார்த்தேன். அதே நாற்பது, ஒன்றிரண்டு முன்னே பின்னே. அதற்குள் பூவின் அடுக்கைக் கண்டுபிடித்து மறைக்க வேண்டும், முகத்தைப் பெரிதாக்க வேண்டும், திரையில் தெரிவதை அப்படியே பிடிக்க வேண்டும். திரையைப் பிடிக்க விசைப்பலகையில் ஒரே பொத்தான்தான். பிடித்தது கம்ப்யூட்டரின் ஞாபகத்தில் நிற்கும், சாஃப்ட்வேர் செத்தாலும் போகாது.

ஒரு தடவை திறந்து மூடி மறுபடி திறக்க ஏழெட்டு நிமிடம் ஆனது. மணி ஒன்று. ஒன்றே முக்காலுக்காவது அவர் கிளம்ப வேண்டும்.

முதல் தடவை அடுக்குப் பட்டியலில் தேடினேன். நூற்றுச்சொச்சம் அடுக்கு, ஒன்றுக்கும் பெயர் இல்லை. பெயர் வைக்கச் சோம்பல்பட்டவள் யார் என்று கேட்காதீர்கள். கண்டதை மறைத்ததில் மாப்பிள்ளையின் தலைப்பாகை போனது, அதோடு திரையும் வெளுத்தது. இரண்டாவது தடவை பட்டியலை விட்டுவிட்டுப் பூவின் மேலேயே வலது சொடுக்குச் செய்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு பூ வைத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டை விலக்குவதற்குள் போய்விட்டது. மாப்பிள்ளையின் போன் அடித்தது. "வாரேன், வாரேன், அக்கா பாத்துட்டிருக்காங்க" என்றார். போனுக்குள் பெண்களின் ஒப்பாரி கேட்டது. மணி ஒன்று இருபது.

மூன்றாவது தடவை திறக்கும்போது அவர் என் நாற்காலிக்குப் பின்னாலேயே வந்து நின்றுவிட்டார். போங்க என்று சொல்ல நேரமில்லை. படம் வந்தது. ஒரு பூ, இரண்டு, மூன்று. நான்காவது விலகவில்லை. அவசரத்தில் வேறு எங்கோ அழுத்திவிட்டேன். திரும்ப வந்து அழுத்தினேன். பூ போயிற்று.

அந்த அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முகத்தைப் பெரிதாக்கினேன், பொத்தானை அழுத்தினேன். திரை வெளுத்தது.

பிடித்தேனா, விட்டேனா என்று தெரியாது. சாஃப்ட்வேரை மறுபடி திறந்து, புதிய காலி ஃபைல் ஒன்றை எடுத்து, ஒட்டினேன். வெள்ளைப் பக்கத்தின் நடுவில் அவர் வந்து நின்றார். காதோரம் நரை, வெறும் நெற்றி, முன்பல் தெரிகிற சிரிப்பு. 

"ஏனுங்க," என்றார் பின்னால் நின்றவர். குரல் மெதுவாக வந்தது. "அத்தை மேடையில நிக்கறாங்களே. ஆல்பத்துல இந்த எடத்துல பூதானே இருக்கும்?"

"பூ நான் வெச்சதுங்க."

"ஆரு வெக்கச் சொன்னாங்க?"

"ஆரும் சொல்லலீங்க. நானாத்தான் வெச்சேன்."

கோபப்படுவார் என்று நினைத்தேன், பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூணு வருசமா எங்கூட்டுக்காரிக்கும் அத்தைக்கும் இதுக்குத்தாங்க சண்டை. தாலி கட்டறப்பக்கூட நீ கிட்ட வரலையில்ல, ஊரு என்ன சொல்லும்னு ஒளிஞ்சுட்டயில்லன்னு கேப்பா. வந்தேன் சாமி, படியிலதான் நின்னேன்னு அத்தை சொல்லுவாங்க. இவ ஆல்பத்தைத் தூக்கிட்டு வந்து முன்னால போடுவா. எங்க நின்னே, காட்டுன்னு. அத்தை ஒவ்வொரு பக்கமா பொரட்டிப் பாத்துட்டு, எந்திரிச்சுப் போயிருவாங்க. போன வாரங்கூட இதே சண்டைங்க."

 அந்த அம்மா பக்கம் பக்கமாகத் தன்னைத் தேடியிருக்கிறார். தான் நின்று மகளைப் பார்த்த இடத்தில் பூ இருப்பதைப் பார்த்துவிட்டு, தான் நின்றது நிஜம்தானா என்றுகூட நினைத்திருப்பார். அழுகையும் என் மேலேயே ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பிரிண்டரைப் போட்டேன்.

முகம் மட்டும் பெரிதாக ஒன்று எடுத்தேன். நெற்றியில் எதுவும் வைக்கவில்லை, சேலையை மாற்றவில்லை. அது ஃப்ரேமுக்குள் போயிற்று. "மேடையோட இருக்கற படமும் ஒண்ணு வேணுங்க" என்றார். அதற்கு இன்னொரு நாற்பது விநாடி. இந்த முறை எந்தெந்தப் பூ என்று தெரியும், நேராகப் போய் நான்கையும் விலக்கினேன். பக்கம் முழுவதும் திரையில் தெரியும்படி பிடித்தேன். தாலி கட்டுகிறவரும், தலை குனிந்த மகளும், படியில் அம்மாவும்.

இரண்டையும் கொடுத்தபோது மணி இரண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"நீங்களே வந்து சொல்லுங்கக்கா. நான் சொன்னா, கம்ப்யூட்டர்ல வெச்சு ஒட்டிட்டு வந்துட்டேன்னு நெனச்சுக்குவா."

கடையைச் சாத்திவிட்டு பைக்கில் பின்னால் ஏறினேன். ஃப்ரேமை மடியில் வைத்துக்கொண்டு, எப்படிச் சொல்வது என்று வழி நெடுக வார்த்தையைக் கூட்டிப் பார்த்தேன். எதுவும் கூடவில்லை. பந்தலுக்குள் போனபோது குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மகள் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் குனிந்து மேடைப் படத்தைக் கொடுத்தேன்.

"உங்கம்மா அன்னைக்கு மேடைக்கு வந்தாங்க கண்ணு. படியில நின்னாங்க. நான்தான் பூ வெச்சு மூடிட்டேன்."

அவள் ரொம்ப நேரம் படத்தைப் பார்த்தாள். விரலால் தூணைத் தொட்டாள், பிறகு படியை.  படத்தைத் திருப்பி அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள், மூடிய கண்களுக்கு முன்னால்.

"இங்க நின்னிருக்கறயேம்மா" என்றாள். "பாரு, இங்கதான் நின்னிருக்கறே."

பெண்கள் அவளைத் தூக்கி நகர்த்தும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பந்தல் காலருகில் நின்றிருந்தேன். அவள் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை.