நீளமாக விட்ட கயிறு

மலையடிவாரத்தில், சந்தவாசல் ஊரில் அண்ணன் தன் பிக்கப் வண்டியில் நாய்க் கூண்டை ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். கயிறு இழுபட்டு முனகியது.

அந்தச் சத்தத்தை ஒன்பது வயதில் கேட்டிருக்கிறேன். ஜவ்வாது மலையிலிருந்து புளி லாரியில் இறங்கிக்கொண்டிருந்தோம். அப்பா முன்னால் டிரைவரோடு, நானும் அண்ணனும் மூட்டைகளின் மேல். எங்கள் நாய் செவலையை நான்தான் கட்டினேன். எனக்கு ஆடு கட்டித்தான் பழக்கம். மேய்கிற ஆட்டுக்குக் கயிற்றை நீளமாக விட வேண்டும், பாவம். செவலைக்கும் அப்படியே விட்டேன்.

ஒரு வளைவில் குரங்கைக் கண்டு அது பாய்ந்தது. நாங்கள் கத்தி லாரி நிற்பதற்குள், பக்கப் பலகைக்கு வெளியே தொங்கியபடியே அடங்கிவிட்டது. கயிறு மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

"இன்னாடா கட்டு கட்டின?" என்று அப்பா அண்ணனைத்தான் அறைந்தார். கட்டுகிற வேலையெல்லாம் அவனுடையது. அவன் என்னைப் பார்த்தான். நான் மூட்டையைப் பார்த்தேன்.

அதைப் பற்றி அண்ணன் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று மூன்று மூலைகளைக் கட்டி முடித்து, நாலாவது கயிற்றை என்னிடம் நீட்டினான்.

"இந்தாம்மா, நீ கட்டு. இந்த வாட்டியாவது இறுக்கிக் கட்டு."