அம்மாவுக்கு நான் படித்துச் சொல்லாத வரி

என் அம்மா ஒக்புன் கொரியாவிலிருந்து சாவோ பாவ்லோவுக்கு வந்து இருபத்தாறு வருடமாகிறது. அதில் பாதியை எங்கள் தையல் கூடத்து ஓவர்லாக் மெஷினுக்கு முன்னால்தான் கழித்திருப்பாள். போர்ச்சுகீஸில் அவளுக்கு நிறங்களும் எண்களும் தெரியும், துணி விற்க அது போதும். மற்றபடி கரண்டு பில், பள்ளிக்கூடக் கடிதம், டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் ஏழு வயதிலிருந்து நான்தான் அவளுக்குப் படித்துச் சொல்கிறேன்.

"நீ டாக்டராயிட்டா இந்த மெஷின வித்துட்டு ஒரு நாள் முழுக்கத் தூங்குவேன்டி தாமி" என்பாள்.

டிசம்பரில் மருத்துவ நுழைவுத் தேர்வின் முதல் சுற்று முடிவு வந்தது. பட்டியலில் என் பெயர் இருந்தது.

"பாஸா?"

"பாஸ்மா."

இன்னொரு சுற்று உண்டு என்ற கீழ் வரியை நான் படித்துச் சொல்லவில்லை. அதற்குள் அவள் அழ ஆரம்பித்திருந்தாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் தேவாலயத்தில் நன்றிக் காணிக்கை உறையின் மேல் காரணத்தையும் எழுதிப் போடுவார்கள். போதகர் அதை வாசிப்பார், அடுத்த வாரத் தேவாலயத் தாளிலும் அச்சாகும். 'பியோன் ஒக்புன், மகள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்ததற்காக' என்று போதகர் சத்தமாக வாசித்தபோதுதான் அம்மா உறை போட்டதே எனக்குத் தெரிந்தது.

ஆராதனை முடிந்து சாப்பிடும்போது, எல்லோரையும் கேலி செய்யும் பியோ அக்கா அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "தாமியம்மா, இனிமே நாங்கள்லாம் உன் கண்ணுக்குத் தெரிவமா? நல்ல சேதிக்கு ஊருக்கெல்லாம் அரிசி அப்பம் குடுக்கணுமே, எப்போ?"

"லீவுக்குப் போனவங்க எல்லாரும் வந்துரட்டும். உங்க முழங்காலத்தான் எம் மக முதல்ல பாப்பா."

"ஓசியிலதானே?"

"உங்க வாய்க்கு ரெட்டை ஃபீஸ்!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சூப்புக் கிண்ணத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

கல்லூரியில் ஏதோ கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போய் இரண்டாம் சுற்றை எழுதினேன். ஜனவரி கடைசியில் முடிவு வந்தபோது அதில் என் பெயர் இல்லை. அன்று சனிக்கிழமை. மறுநாள் தேவாலயத்தில் எல்லோருக்கும் அப்பம் கொடுக்க, இரண்டு அண்டாவில் அரிசி ஊறிக்கொண்டிருந்தது.

மெஷின் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா மெஷினை நிறுத்தவில்லை. கையிலிருந்த தையலைக் கடைசிவரை ஓட்டி நூலை வெட்டினாள்.

"அரிசி ஊறியாச்சே" என்றாள்.

ஞாயிறு காலை, சிவப்புப் பயறு தூவி அவித்த அப்பத்தோடு தேவாலய வாசலில் நின்றோம். தட்டு என் கையில் இருந்தது. வந்த ஒவ்வொருவருக்கும் அம்மா தானே எடுத்துக் கொடுத்தாள்.

"எம் மகளுக்கு இடம் கிடைக்கல. பட்டியல நாந்தான் தப்பாப் பாத்துட்டேன். எனக்கு அந்த பாஷ தெரியாதில்ல. எடுத்துக்குங்க, சூடா இருக்கு."

பியோ அக்காகூட கேலி செய்யவில்லை. "அதனால என்ன தாமியம்மா, நமக்கெல்லாம் எங்க அதப் படிக்கத் தெரியுது" என்று அப்பத்தை வாங்கிக்கொண்டார்.

நூறு பேராவது வந்திருப்பார்கள். நூறு தடவையும் அம்மா அதையே சொன்னாள். அந்தப் பட்டியலை அவள் கையால்கூடத் தொட்டதில்லை. படித்துச் சொன்னது நான்தான் என்று சொல்ல ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் தட்டைத்தான் நீட்டினேன்.